மீசைக்காரருக்கு இன்னொரு டீ

"பையை விடும்மா! நான் தாண்டிடுவேன்!" என்று குடைக்கார அம்மாள் கத்தினாள்.

சிட்டு விடவில்லை. ஓடைக்குள் ஒரு காலை வைத்துவிட்டிருந்தவளின் முதுகுப்பையை இரண்டு கைகளாலும் பற்றி, மூட்டையை இழுப்பதுபோல் கரையில் இழுத்துப் போட்டாள்.

"அறிவிருக்காம்மா உங்களுக்கு? நான் சொல்ற வரைக்கும் தண்ணியில கால் வைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?"

காட்டுப் பாதையில் நின்றிருந்த பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். சிட்டுவின் அப்பா பதறிப்போனார். ஓடையைப் பார்த்து அல்ல, பக்கத்தில் நின்ற மீசைக்காரரின் கடுகடுத்த முகத்தைப் பார்த்து.

விஷயம் இதுதான். காட்டில் நடை, கடற்கரையில் கூடாரம் என்று ஆட்களை வேனில் அழைத்துப்போகும் வழிகாட்டி வேலைக்கு, சிட்டுவுக்கு இன்று கடைசிப் பரீட்சை. மார்க் போடும் அதிகாரி பயணிகளோடு பயணியாக வந்திருக்கிறார். யாரென்று சொல்ல மாட்டார்கள். தேறினால் வேலை. கோட்டைவிட்டால் பழையபடி அப்பாவோடு குழாய் ரிப்பேர். மனசு கேட்காமல் அப்பாவும் டிக்கெட் வாங்கி ஏறிக்கொண்டார். மகள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "நீங்க என் அப்பான்னு யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

மூச்சு விடவில்லை. ஆனால் அதிகாரி யாரென்று மோப்பம் பிடித்துவிட்டார். கழுத்தில் பைனாகுலர், நிமிஷத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரம், வாயில் ஒரு வார்த்தை கிடையாது. மீசைக்காரர்தான், சந்தேகமே இல்லை! வேன் கிளம்பியதிலிருந்து அவருக்கு ஜன்னல் சீட், பிஸ்கட், பிளாஸ்க் டீ என்று ராஜ உபசாரம்.

அந்த மீசைக்காரர் இப்போது வாயைத் திறந்தார். "முழங்கால் தண்ணி. இதுக்குப் போய் பயந்தா எப்படி? அருவியைப் பார்க்கத்தானே வந்தோம்?"

"தண்ணி திடீர்னு கலங்குது சார். மேல எங்கயோ நல்ல மழை. அருவி எங்கயும் ஓடிடாது. திரும்பிடலாம்."

அப்பா நைசாக அவள் காதருகே போனார். "அம்மாடி, சாரே கேக்கறார்ல? ஒரு எட்டு காட்டிட்டு வந்துடேன்."

"நீங்க வரிசையில நில்லுங்க சார்."

பெற்ற அப்பனைப் பார்த்து, சார்!

முணுமுணுத்தபடி எல்லோரும் மேட்டில் ஏறினார்கள். திருப்பத்தை எட்டும்போது கீழே பேரிரைச்சல். சற்றுமுன் அவர்கள் நின்ற பாறைக்கு மேலே, செம்மண் நிறத் தண்ணீர் கிளைகளை உருட்டிக்கொண்டு பாய்ந்தது. 'என் பொண்ணு' என்ற வார்த்தை அப்பாவுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. டீயை ஊற்றி அதை விழுங்கினார்.

சாயங்காலம் கடற்கரையில் அடுத்த கண்டம். அலைக்குப் பக்கத்தில்தான் படுப்பேன் என்று மீசைக்காரர் அடம்பிடித்தார். சிட்டு மணலில் காய்ந்த பாசி ஒதுங்கிய கோட்டைக் காட்டினாள். "கடல் ராத்திரி இதுவரைக்கும் வரும் சார். நீங்க மிதந்துபோனா நான்தான் தேடணும்." கூடாரத்தைத் தானே தூக்கி மேட்டில் வைத்தாள்.

அப்பா கடைசி முயற்சியாக டீயோடு ஓடினார். "சார், சின்னப் பொண்ணு. மனசுல வெச்சுக்காம கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

"என்னத்தைப் போட?"

"மார்க்குதான்..."

"மார்க்கா? நான் மெத்தை விக்கிறவன்ங்க! டாக்டர் நடக்கச் சொன்னார், வந்தேன். ஆனா டீ பிரமாதம்."

அப்பா பிளாஸ்கும் கையுமாக நிற்க, குடைக்கார அம்மாள் நேராக சிட்டுவிடம் போய்க் கைகுலுக்கினாள். "அடுத்த வேன் உன்னோடதும்மா. கூட்டிட்டுப் போ."

அவ்வளவுதான், அணை உடைந்தது. "என் பொண்ணுங்க! நான்தாங்க பெத்தவன்!" என்று கடற்கரை அதிர அப்பா கூவினார்.

"அதான் காலையிலேயே தெரிஞ்சுதே," என்றார் மீசைக்காரர், டீயை உறிஞ்சியபடி.

ஆரவாரம் அடங்கியதும் அப்பா மகளை ஓரங்கட்டினார். "பரீட்சை வைக்க வந்தவங்களையேடி அறிவிருக்கான்னு கேட்ட? ஏதோ ஆள் தெரியாம திட்டினதால தப்பிச்ச!"

கூடாரத்தின் முளையை அடித்துக்கொண்டிருந்த சிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியாமன்னு யாருப்பா சொன்னது? காலைல பூட்ஸுக்கு லேஸ் கட்டத் தெரியலன்னு என்கிட்ட காலை நீட்டினாங்க. குனிஞ்சு பார்த்தா, அடிப்பாகம் மலை மலையா ஏறி வழவழன்னு தேய்ஞ்சு கிடக்கு. வேன்ல ஏறும்போதே அவங்கதான்னு எனக்குத் தெரியும்."