சித்தேரி, முட்டிவரை

ஒரகடம் வட்டாரத்தில் தன் ட்ரோனுக்குத் தப்பிய வரலாறு ஒரு பிடிகூட மிஞ்சாது என்று சர்வே எடுக்க வந்த வசந்தகுமார் கையெழுத்துப் போட்டே கொடுத்திருந்தான். வேலஞ்சேரிப்பட்டுச் சித்தேரியைத் தூர்த்து, கம்பெனி லாரிகள் நிறுத்தும் இடமாக்கிப் பதினான்கு வருடம் ஆகியும், அதைக் கடப்பவர்கள் முட்டிவரை நனைந்துகொண்டிருந்தார்கள். ட்ரோனில் இது விழவில்லை.

காங்கிரீட் காய்ந்துதான் கிடந்தது, ஆட்கள்தான் நனைந்தார்கள். ஐப்பசியில் இடுப்புவரை. கம்பெனி இரண்டு வருடம் பைப் ஒழுகலைத் தேடிவிட்டு, ‘தரை ஈரம், கவனம்’ என்று மஞ்சள் பலகை வைத்தது. ஈரப் பேண்டைச் சொல்லி ஷிஃப்டுக்குத் தாமதமாக வரக்கூடாதென்று சுற்றறிக்கையும் விட்டது. ஜனங்கள் வேலியோரம் ஷூவைக் கழற்றி, பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். கொரியாவிலிருந்து வந்த மேனேஜர்கூட இரண்டாம் நாளே சுருட்டிக்கொண்டார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வசந்தகுமார் ஏசி காரிலிருந்தபடி இதைப் படம்பிடித்து, ‘காய்ந்த தரையில் நீந்தும் அறிவாளிகள்’ என்று ஸ்டேட்டஸ் வைத்தான்.

தொழிற்பேட்டையின் இரண்டாம் கட்டத்துக்கு முன்னால் ஊரின் பண்பாட்டு வரலாற்றை வரைபடமாக்குவது அவன் வேலை. படிவத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே கேள்வி: சிறப்பு உண்டா, இல்லையா. உண்டென்றால் சுற்றி வேலி. இல்லையென்றால் திங்கட்கிழமை ஜேசிபி. மணிமங்கலம் கோயில்போலக் கோபுரமோ கல்வெட்டோ இருந்தால் யோசிக்காமல் உண்டு போடுவான். சித்தேரிக் கரையில் மிஞ்சிய ஏழு கன்னிமார் கற்கள் அவன் முழங்கால் உயரம்கூட இல்லை. ‘இல்லை’ போட்டான்.

கேன்டீனில் பாத்திரம் கழுவும் பாஞ்சாலி அவனைத் தேடி வந்தாள்.

“ஏழாவது கல்லுக்கு இன்னா போட்டுக்கீறே சார்?”

“இல்லைன்னுதான்க்கா. வெறும் கல்லுதானே?”

“அது என் தங்கச்சி சார். கலைமணி. பதினாலு வயசுல இந்த ஏரிலதான் பூட்டா. கண்ணாலம் ஆவாத பொண்ணு, கன்னிமாரோட சேத்து வெச்சிக்கினோம். ஜேசிபி வந்தா அவ எங்க போவா?”

ஆதாரம் கேட்டான். அவள் சொட்டிக்கொண்டிருந்த புடவைக் கரையைத் தூக்கிக் காட்டினாள். ‘வாய்மொழி மட்டும்’ என்று குறித்துக்கொண்டான்.

அன்று மாலை வரைபடத்தை அச்சடித்தால், சித்தேரி இருந்த இடம் மட்டும் ஈரமாக வந்தது. மின்விசிறியில் காயவைத்தான், காயவில்லை. பிரிண்டரை மாற்றினான். எட்டுத் தாள்களிலும் ‘இல்லை’ கரைந்து ஓடியது. ஒன்பதாவதில் ஒரு கெண்டைக் குஞ்சு துள்ளியது. அதைப் பதியப் படிவத்தில் கட்டம் இல்லை.

திங்கட்கிழமை ஜேசிபி கரையோரம் உறுமிக்கொண்டிருந்தபோது வசந்தகுமார் வேலியருகே வந்தான். யாராவது போனைத் தூக்கியிருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு ஷூவைக் கழற்றினான். பேண்டை முட்டிக்குமேல் சுருட்டி, பேனாவால் ‘உண்டு’ என்று எழுதிய படிவத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காய்ந்த காங்கிரீட்டில் இறங்கினான்.

“அந்தாண்ட பள்ளம் கீது சார்,” என்றாள் எதிர்க்கரையில் நின்ற பாஞ்சாலி. “இப்படி வா.”

அவன் இடது பக்கம் ஒதுங்கி நடந்தான்.