பிசின் போகாத மருந்து பாட்டில்

1
இந்தக் கதை எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், ராயபுரத்து தர்ம ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து ஜன்னல் முன்னால் கிடைத்தது. நாலு வருஷமாக இதை எழுதவில்லை. அன்று மாலை ஏழைகளின் துயரம் பற்றி நான் ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது, தொண்டை கட்டியிருந்தது. மருந்துக்காக வரிசையில் நின்றேன்.

2
முதல் ஆரம்பம்: 'வங்கக் கடல் ஓயாமல் புலம்பிக்கொண்டிருந்த அந்தக் காலையில்—'

(அடித்துவிட்டேன். கடல் புலம்பவில்லை. வரிசைதான் இருமிக்கொண்டிருந்தது.)

இரண்டாவது ஆரம்பம்: திருவொற்றியூர் குப்பத்தில் கெங்கம்மா பாட்டிலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.* வெந்நீரில் ஊறவைத்தாள். சாம்பல் போட்டாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். காகிதம் போயிற்று, பிசின் போகவில்லை. கடைசியில் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அழுத்தித் துடைத்தாள். போய்விட்டது.

(நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற அவளே சொன்னாள்: "கண்ணாடி மாரி கீது பாரு நைனா!")

* அந்த ஆஸ்பத்திரிக்குப் பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதத்தைக் கம்பவுண்டர் அதன்மேல் ஒட்டுவார். பழைய பிசின் இருந்தால் மருந்து ஊற்றாமல் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

3
கம்பவுண்டர் சுயம்புவுக்கு முதலில் ஒரு முறுக்கு மீசை வைத்தேன். எடுத்துவிட்டேன். அவருக்கு மீசை இல்லை, ரூல்ஸ்தான் இருந்தது.

கெங்கம்மாவின் பாட்டிலை முகர்ந்தார். "மருந்துக்கு வந்தியா, லாந்தருக்கு எண்ணெ வாங்க வந்தியா?"

வரிசை சிரித்தது. நானும்.

"பிசின் கீதுன்னு நேத்து நீதானே சாமி தொரத்துன? அதான் கிருஷ்ணாயில் போட்டேன். பொண்ணுக்கு மூணு நாளா ஜொரம். கண்ணே தொறக்கல."

"நாத்தம் போகக் கழுவிட்டு வா. பதினோரு மணிக்கு ஜன்னல் சாத்திடுவோம். நாளைக்கு ஞாயிறு, லீவு."

அவள் என்னிடம் திரும்பினாள். என் கையில் வண்ணாரப்பேட்டையில் வாங்கிய புதுப் பாட்டில்.

"நைனா, அத்த குடேன். உனுக்குத் தொண்டதானே?"

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கும்மா" என்றேன்.

"இன்னா மொறை?"

இந்த இடத்தில் நான் சொன்ன பதில்

(வேண்டாம்.)

4
முடிவு அ: பாட்டிலைக் கொடுத்துவிடுகிறேன். (மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான் ஓர் அங்குலம் உயர்கிறேன்.)

முடிவு ஆ: யாரோ பாட்டில் தருகிறார்கள், பெண் கண் திறக்கிறாள். (பத்திரிகைக்காரர்களுக்கு இதுதான் பிடிக்கும்.)

நடந்தது: சுயம்பு என் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி, "இப்படிக் கொண்டுவரணும்" என்று எல்லோருக்கும் காட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கெங்கம்மா குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். முகர்ந்து பார்ப்பாள், மறுபடி கழுவுவாள். ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டபோதும் தலை நிமிரவில்லை.

மாலையில் நன்றாகப் பேசினேன்.

5
குப்பம் எங்கே என்று தெரியும். ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. நான் போகாதவரை அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஜுரம் மூன்றாம் நாள்தான்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் கெங்கம்மா வீட்டை விசாரியுங்கள். பதிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.