இமைக்காத தலை

ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சோதித்துப் பார்க்கக் கடைக்காரர் தந்தது இரண்டு ஜோடி: வெட்டி அணையும் ஃப்ளாஷ் விளக்குகள், விடாமல் எரியும் எல்இடி விளக்குகள்.

படுக்கையறைக் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தேன். கூரை தாழ்வு, ஒளிக்குடையை விரித்தால் மின்விசிறியில் இடித்தது. ஸ்டாண்டை ஒரு சாண் நகர்த்துவேன், மறுபடி பழைய இடத்துக்கே இழுப்பேன். இரண்டு நாளாக உட்காரவில்லை. ஸ்டூலின் மேல், அழகு நிலையத்தில் கழித்துக்கட்டிய, விக் மாட்டும் பொம்மைத் தலை.

"அதுக்கு இன்னும் எத்தன போட்டோ எடுப்ப? மாப்பிள்ள பாக்கறியா?" என்றார் கணவர்.

"பேசாம இருங்க. மூக்கு நிழலப் பாருங்க."

நாலேகாலுக்குத் தங்கை வருகிறாள். அவள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது நான்தான். முக்கியமான படம் ஒன்றில்கூட அவள் கண் திறந்திருக்கவில்லை. சண்டை போடவில்லை அவள். ஆறு வருடமாக எந்தக் கேமரா முன்னும் நிற்கவில்லை, அவ்வளவுதான். புது வேலைக்குப் படம் கேட்கிறார்களாம். "நீயே எடு" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்இடியில் வெளிச்சம் போதாமல் படம் மணல் தூவினாற்போல் இருந்தது. ஃப்ளாஷில் அந்தத் தலைக்கே உயிர் வந்துவிட்டது. ஃப்ளாஷ்தான் என்று முடிவு செய்தேன்.

எல்இடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்ட கணவர் வாசலில் நின்றார். "உறுதிதானே? அப்புறம் மனசு மாறினா அந்தாளு என்னையே கம்பத்துல மாட்டி எரியவிடுவாரு."

அவர் போய்ப் பத்து நிமிடத்தில் தங்கை வந்தாள். பொம்மைத் தலையை இறக்கிவிட்டு அவளை ஸ்டூலில் உட்காரவைத்தேன். முதல் படம்: கண் மூடியிருந்தது. இரண்டாவதும். எண்ணிச் சொல்லி எடுத்தேன். 'மூணு' வருமுன்பே, ஃப்ளாஷ் வெட்டப்போகிறதென்று முகம் சுருங்கியது. பதினோராவது படத்தில் கேமராவைத் தாழ்த்தினேன். இரண்டு நாள் முழுக்க, இமையே இல்லாத ஒன்றை உட்காரவைத்து விளக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

"விடுக்கா. என் கண்ணு அப்படித்தான்." கைப்பையை எடுத்தாள்.

"உன் கண்ணு இல்ல. நான்தான். விடாம எரியற லைட்ட இப்பத்தான் மாமாகிட்டக் குடுத்தனுப்பிட்டேன். அன்னிக்கும் நான்தான். நீ கண்ண மூடினத அப்பவே பாத்துட்டேன். அத்தன பேர மறுபடி நிக்கச் சொல்ல பயமா இருந்துச்சு. சரியா வந்துருக்குன்னு சொல்லிட்டேன்."

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை, மறுபடி உதைத்தார்கள். கதவைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று தெரியாமல் கேமராப் பட்டையைச் சுருட்டினேன், பிரித்தேன்.

"ஆறு வருஷம் எம் மூஞ்சிலதான் கோளாறுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள், மெதுவாக.

பிறகு கைபேசியை எடுத்தாள். "மாமா, அந்த லைட்டக் குடுத்துட்டீங்களா? ... அப்போ திரும்ப வாங்கிட்டு வாங்க. ... இல்ல, அக்கா சொல்லல. நான் சொல்றேன்."

கணவர் கத்தியது எனக்கே கேட்டது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.