டிமாண்ட் கூடும் என்றவள்

ஐயர் தேங்காய் உடைப்பதற்குள் எப்படியாவது என் கணவர் யசோதரனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். மெல்பேர்ணில், த பேசின் பிள்ளையார் கோயில் வாசலில் எங்கள் வெள்ளை வான் சந்தனப் பொட்டும் மாலையுமாக நின்றது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, இல்லாத தூசியைத் துடைத்தார். பூசை முடிந்த கையோடு பஸ் டிப்போ மனேஜருக்குப் போன் எடுத்து, வேலையை விடுகிறேன் என்று சொல்லப் போகிறாராம். பஸ் ஓட்டும் நிரந்தர வேலை. அதை விடுவதற்கும் நல்ல நேரம் பார்த்திருந்தார்.

எல்லாம் நான் கணினியில் வரைந்த கிராப்பை நம்பித்தான். வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் இணைப்புப் பெட்டிகள் விற்கும் கம்பனியில், வரும் ஆண்டுகளில் எத்தனை பெட்டி தேவைப்படும் என்று கணிப்பது என் வேலை. கோடு மேலே ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பெருமையடித்தேன். கிரெய்கிபர்னில் எங்கள் தெருவையும் ஃபைபர் பதிக்க அரசாங்கம் தோண்டிக்கொண்டிருந்தது. மனுஷன் ஒரு கோர்ஸ் படித்து, வானும் வாங்கி, கேபிள் இழுக்கும் கொன்ராக்டராகத் தயாராகிவிட்டார். செப்டம்பரில் ஆட்சி மாறியது. எல்லா வீட்டுக்கும் ஃபைபர் வேண்டுமா என்று மேலிடத்தில் யோசிக்கத் தொடங்கினார்கள். நேற்று நானே புதுக் கோடு போட்டேன். அது சறுக்குமரத்தில் பிள்ளை இறங்குவது போல இறங்கியது. புதன்கிழமை கம்பனி அறிவிக்கும்வரை வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது, திறந்தால் வேலை இல்லை என்று என் மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

வரும் வழியில் துணிந்து தொடங்கினேன்தான்.

"இஞ்சாருங்கோ, ஓடர் எல்லாம் குறையப்போகுது போலக் கிடக்கு..."

எங்கள் இருவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டிருந்த அவருடைய சின்னம்மா நாகேஸ்வரி முடிக்க விடவில்லை. "நல்ல காரியத்துக்குப் போகேக்க என்ன பிள்ளை இந்த இழவுக் கதை? பேசாம வா."

வானை ஓட்டிக்கொண்டே யசோதரன் சிரித்தார். "நீர்தானே சொன்னனீர், டிமாண்ட் கூடிக்கொண்டே போகுமெண்டு. இப்ப ஏன் பயப்பிடுறீர்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பெருமையடித்ததை மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்ட மனுஷன்.

தேங்காய் சிதறியது. ஐயர் வானின் நாலு சில்லுக்கு முன்னாலும், ஏற்றி நசிக்கவென்று ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார்.

"ஏறி மெதுவா முன்னுக்கு எடுங்கோ தம்பி."

யசோதரன் ஏறி ஸ்ரார்ட் பண்ணினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பக்கத்தில் தயாராக வைத்தார். சின்னம்மா கைகூப்பினார். பட்டுச்சேலையோடு வானுக்கு முன்னால் போய்க் குந்தி, வலது முன்சில்லடியில் இருந்த தேசிக்காயை எடுத்துவிட்டேன்.

"ஐயோ பிள்ளை, என்ன செய்யிறாய்?"

நான் சின்னம்மாவைப் பார்க்கவில்லை. "மனேஜருக்குப் போன் எடுக்காதேங்கோ," என்றேன் யசோதரனிடம். "நேற்றுத்தான் கணக்குப் பாத்தனான். ஓடர் பாதியாப் போகுது. இதைச் சொன்னா என்ர வேலை போகும். சொல்லிப்போட்டன்."

அவர் இறங்கவில்லை. என்ஜினையும் நிறுத்தவில்லை. வானின் முன்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என் கையில் இருந்த தேசிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்றும் சில்லுகளுக்கு முன்னால் நசியாமல் கிடந்தன.