முழங்கால் தண்ணீர்

ஐந்து மணிக்குப் பிரிஹாந்தோ எழுந்தான். கட்டிலை விட்டுக் கால் வைத்ததும் கணுக்கால்வரை தண்ணீர். மிதந்துகொண்டிருந்த செருப்பைப் பிடித்து மாட்டினான். செங்கல் அடுக்கி உயர்த்திய அடுப்பில் காபி போட்டுக் குடித்தான். அலமாரி மேல் சார்ஜ் ஏறிக்கிடந்த கேமரா பேட்டரியைப் பையில் போட்டான். மூன்று முறை மண் கொட்டித் தரையை உயர்த்திய வீடு. குனிந்துதான் வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டினான்.

ஜகார்த்தாவிலிருந்து தோகார் போனில் கூப்பிட்டார். தெமாக் கடற்கரையிலிருந்து பிரிஹாந்தோ அனுப்பும் செய்திகளை வெட்டி ஒட்டி டிவியில் போடுகிறவர்.

"தம்பி, நாளைக்குக் காலநிலை மாநாடு ஆரம்பிக்குது. போன மழைக்கு ஒரு பொண்ணு இடுப்பளவு தண்ணியில நின்னு, 'கடல் எங்கள முழுங்குது'ன்னு சொல்லுச்சே, அதை மறுபடி புடி."

"முடியாதுண்ணே."

"ஏன்? ஒருவாட்டி டிவியில வந்ததும் நடிகை ஆயிட்டாளா?"

"செத்துட்டாங்க."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "வெள்ளத்துலயா?"

"எலிக்காய்ச்சல்."

"அடச்சே. எலின்னா எவன்யா பாப்பான்? வெள்ளம் பலி வாங்கிய பெண்ணுன்னு போட்டுக்கலாம். தண்ணியால வந்ததுதானே, பொய்யில்லையே? அந்த வரியவே கடைசி வார்த்தைன்னு காட்டுவோம். பத்து மணிக்குள்ள அனுப்பு."

அவள் தன் மனைவி என்று பிரிஹாந்தோ டிவிக்காரர்களிடம் சொன்னதில்லை. சொந்தக்காரர்களைப் படம் பிடித்து அனுப்பக் கூடாது என்பது அங்கே விதி. படம் எடுத்த அன்று ஊரில் வேறு யாரும் தண்ணீரில் நிற்க வரவில்லை. எதிர்வீட்டு சுக்ரோன்தான் சிரித்தான்: "கடல் இறங்கின நேரத்துல வந்து இடுப்பளவு தண்ணி கேக்குறியே, நான் என்ன குந்திக்கிட்டா பேட்டி குடுக்கறது?"

கரையோரச் செய்தியாளர் எல்லோரும் செய்வது அதைத்தான். முழங்கால் தண்ணீரில் ஆளைக் குந்தவைத்து, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினால் போதும். அன்று மனைவி உமியாத்துனைக் குந்தவைத்தான். வரியையும் அவனே சொல்லிக்கொடுத்தான். நான்கு தடவை எடுத்தான்.

பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே நினைவில்லை. தண்ணீரில் கலந்த எலி மூத்திரத்திலிருந்து கிருமி, காலில் இருந்த புண் வழியாக இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆறு நாளில் முடிந்துவிட்டது.

பழைய பதிவைத் திறந்தான். ஈர முக்காட்டோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, வரியைச் சொன்னாள். ஒளிபரப்பானது அதுவரைதான். அதன்பின் பதினோரு விநாடி மிச்சம் இருந்தது.

அங்கேயே வெட்டி அனுப்பினால், அவன் எழுதிய வரி நாளை நாடு முழுக்க அவளுடைய கடைசி வார்த்தையாகிவிடும். முழுதாக அனுப்பினால் வேலை போய்விடும். அவனுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

முழுதாக அனுப்பினான். கூடவே குறிப்பு எழுதினான்:

'உமியாத்துன், இருபத்தாறு வயது. என் மனைவி. தண்ணீர் முழங்கால் அளவுதான், நான்தான் குந்தச் சொன்னேன். கடல் பற்றிய வரி என்னுடையது. கேமரா ஓடும்போது அவளாகச் சொன்னது கடைசியில் இருக்கிறது. வெட்ட வேண்டாம்.'

"போதுமாங்க? கால்ல சிப்பி கிழிச்சிருச்சு, எரியுது. எந்திரிச்சுக்கட்டுமா?"