கேப்டனின் கழுத்தில் இருந்த மப்ளர்

போர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று மனைவி சொன்ன நாளிலிருந்து கண்ணாடிக்காரருக்கு ஒரே பயம்.

கண்ணாடிக்காரர் என்பது கம்பெனியில் வைத்த பெயர். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டி அனுப்புகிற கம்பெனி அது. உடையக்கூடிய பொருள் எதுவானாலும் அவர் கைக்குத்தான் வரும். அந்தக் கையும் சும்மா இருக்காது. ஓட்டலில் டீ குடித்தால்கூட, காலி டம்ளரைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். சர்வர்கள் அவரை ஒரு தினுசாகப் பார்ப்பார்கள்.

துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் பயப்படுகிற ஆள் இல்லை. அவர் பயமெல்லாம் மனைவியின் முதல் கணவரைப் பற்றியது. போரில் இறந்துபோன கேப்டன். போன வருடம் அவருடைய சீருடையையும் பதக்கத்தையும் புகைப்படத்தையும் அருங்காட்சியகத்தார் கேட்டு வாங்கிப் போனார்கள். பெட்டி கட்டிக் கொடுத்ததே இவர்தான். இப்போது அவை பார்வைக்கு வந்துவிட்டன. அவள் பார்க்கப் போகிறாள். முறுக்கு மீசையோடு முப்பது வயதிலேயே நின்றுவிட்ட வீரனையும், பக்கத்தில் தொப்பையோடு நிற்கும் தன்னையும் ஒரே பார்வையில் பார்க்கப் போகிறாள். அதற்கப்புறம் அவள் மனசில் தனக்கு என்ன இடம் இருக்கும்? இதைக் கேட்டுவிடத் துடித்தார். வாய்தான் வரவில்லை.

போதாததற்கு மப்ளர் விவகாரம் வேறு. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவள் பின்னிக் கொடுத்த சாம்பல் நிற மப்ளர் ஒரு வருடமாகக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டார். கேட்கும்போதெல்லாம் "ஆபீஸ்ல இருக்கும்மா" என்று சமாளித்தார். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் விட்டதுதான் அவருக்கு அதிகம் உறுத்தியது.

அருங்காட்சியகம் ஒரு காலத்தில் அரண்மனையாக இருந்த கட்டடம். வாசலில் இரண்டு பீரங்கிகள், உள்ளே தேய்ந்து வழுவழுத்த பளிங்குப் படிகள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை. நடுக்கூடத்தில் தொங்கிய பெரிய சரவிளக்கைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"இதைக் கழட்டிக் கட்டணும்னா நாலு ஆள் வேணும்."

"உங்களை யாரும் கட்டச் சொல்லல. வாங்க."

வாள்கள், கேடயங்கள், பழுப்பேறிய வரைபடங்கள் எல்லாவற்றையும் அவர் வேண்டுமென்றே மெதுவாகப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு வாளின் கைப்பிடியை அவ்வளவு நேரம் யாரும் ஆராய்ந்திருக்க மாட்டார்கள். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். கடைசியில் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. கிழக்கு அறைக்குள் நுழைந்தார்கள்.

ஆள் உயரக் கண்ணாடிப் பேழை. தலையில்லாத உருவம் ஒன்றில் சீருடை, அதன் நெஞ்சில் பதக்கம். பக்கத்தில் ஒரு சின்ன மேசை மேல் புகைப்படம். சீருடையின் கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிற மப்ளர் ஒன்று. கீழே அட்டையில் எழுதியிருந்தது: 'எல்லையின் கடுங்குளிரில் கேப்டன் அணிந்தது.'

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மப்ளரின் ஒரு ஓரத்தில் கண்ணி விட்டுப்போன ஓட்டையை நீல நூலால் அடைத்திருந்தது தெரிந்தது. சந்தேகமே இல்லை, அது அவருடையதுதான்.

அன்றைக்குப் பெட்டி கட்டும்போது புகைப்படத்தின் கண்ணாடிக்குச் சுற்றக் காகிதம் போதவில்லை. கை தன்பாட்டுக்குக் கழுத்திலிருந்ததை உருவிச் சுற்றிவிட்டது. வேலையில் இறங்கிவிட்டால் கை செய்வது அவருக்குத் தெரியாது.

அவளும் பார்த்துவிட்டாள். பேழைக்கு அருகில் குனிந்து அந்த நீல நூலையே பார்த்தாள்.

"தொலைச்சுட்டீங்கன்னு தெரியும்," என்றாள் கடைசியில். "பிடிக்காமத்தான் எங்கேயோ போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"ஐயோ, இல்லம்மா! போட்டோ உடைஞ்சிடக் கூடாதேன்னு சுத்தினேன். சத்தியமா மறந்தே போச்சு." வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டார். "இங்கேயே இருக்கட்டும் விடு. அவருக்குத்தான் பொருத்தமா இருக்கு."

அவள் சட்டென்று திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் கோபம்.

"அவருக்கு நான் எதையும் பின்னினதே இல்லை. அப்பல்லாம் எனக்கு ஊசியே பிடிக்கத் தெரியாது. அவரை நெனச்சா இன்னமும் அழுகை வருது, இல்லேன்னு சொல்லல. ஆனா இது நான் உங்களுக்காகக் கத்துக்கிட்டது. ராத்திரி இருமிக்கிட்டு வந்து நின்னீங்களே, அதுக்காக. யார் கழுத்துலயும் விட மாட்டேன். வாங்கிட்டுத்தான் வருவேன்."

கேட்க நினைத்து இத்தனை நாள் கேட்காமலிருந்ததற்கு அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த அறையிலிருந்த வாள்களின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளே போய்ப் பொறுப்பாளரை அழைத்து வந்தாள். சின்ன வயதுப் பெண். நீலத் தையல், ஓட்டை, எல்லாவற்றையும் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோனது. "மன்னிச்சுக்குங்கம்மா. பெட்டியோட வந்ததால அவரோடதுன்னு நெனச்சுட்டோம்," என்றபடி பேழையைத் திறந்து மப்ளரைக் கழற்றிக் கொடுத்தாள். அட்டையையும் எடுத்துவிட்டாள்.

மனைவி அங்கேயே, கேப்டனின் புகைப்படத்துக்கு முன்னாலேயே, அதை அவர் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள். அவர் கூச்சத்தில் நெளிந்தார்.

திறந்த பேழைக்குள் அவர் பார்வை போனது. புகைப்படச் சட்டத்தின் ஒரு கால் மேசையில் படியாமல் லேசாக ஆடியது. கை தன்பாட்டுக்குப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்தது, நான்காக மடித்தது, உள்ளே நீண்டது.

மனைவி லபக்கென்று அந்தக் கையைப் பிடித்தாள். "மறுபடியுமா?"

"ஆடுதும்மா. யாராவது கதவை அடிச்சுச் சாத்தினா விழுந்துடும்."

அவள் அவரைப் பார்த்தாள். புகைப்படத்தைப் பார்த்தாள். பொறுப்பாளர் மெல்ல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மனைவி பிடியை விட்டாள்.

"சரி, வைங்க," என்றாள். "பார்த்து, அவர் ஆடாம நேரா நிக்கிற மாதிரி வைங்க."