வாயை மூடச் சொன்னவள்

பக்கவாதம் வந்து பேச்சுப் போன பிறகு நாகப்பன் கங்காணிக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் நாலு பேர் முன்னால் சொல்ல முடியாத வார்த்தை. முப்பது வருடம் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, தாமதமாக வந்து சேரும் கொழுந்து பறிக்கிற பெண்கள் மேல் அவர் வீசியது. இப்போது தேத்தண்ணி வேண்டுமென்றாலும் அதுதான் வந்தது. கால் வலித்தாலும் அதுதான். மகள் வசுமதியின் தலையைத் தடவிக்கொடுக்கும்போதும் அதுதான்.

அந்தத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் முதலில் பட்டம் வாங்கியவள் வசுமதி. பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் விற்ற பெண்ணிடம் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னபோது, கூடப் படித்தவள் ஒருத்தி குடும்பத்தோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அன்றைக்கே வசுமதி முடிவெடுத்துவிட்டாள். பேச்சுப் பயிற்சிக்கு டவுன் கிளினிக்குக்குப் புறப்படும் ஒவ்வொரு தடவையும், அப்பாவின் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே, "அங்க வந்து வாயத் தொறக்காதீங்கப்பா" என்பாள். தோட்டத்துத் துரைக்கே அடங்காத மனிதர் தலையாட்டுவார்.

நாலு மாதம் இப்படியே போனது. மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வரும் பயிற்சியாளர் கத்தரீன் வாளி, குடை, நாற்காலி என்று படம் காட்டுவாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு மகளைப் பார்ப்பார். கேட்டதற்கெல்லாம் வசுமதியே பதில் சொல்லிவிடுவாள்.

ஐந்தாவது தடவை கத்தரீன் படங்களை எடுக்கவில்லை. காத்திருப்பவர்கள் நிறையப் பேர், ஒரு சத்தமும் வராதவர்களுக்கு இன்றோடு பயிற்சியை நிறுத்தச் சொல்லி மேலிடத்தில் சொல்கிறார்கள் என்றாள்.

"தானா வர்ற ஒரு வார்த்த போதும், அத வச்சே அடுத்தத இழுத்துரலாம். பாட்டு, சாமி பேரு, கெட்ட வார்த்தகூட பரவால்ல. வீட்டுல எதுவுமே வர்றதில்லையா?"

இல்லை என்றாள் வசுமதி.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா திலகம் நிமிர்ந்தாள். "வருது மிஸி. நாள் பூரா வருது. இவதான் இங்க பேசக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கா."

கத்தரீன் திட்டவில்லை. திட்டியிருந்தால் வசுமதி திருப்பிக் கொடுத்திருப்பாள். கத்தரீன் நாகப்பன் பக்கம் குனிந்து, சொல்லுங்க அங்கிள் என்றாள். அவர் வாய் அசைந்தது. உடனே மகளைப் பார்த்தார். லீவு கேட்டு அவர் முன்னால் நின்ற ஆட்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். வசுமதி பேசச் சொல்லித் தலையாட்டினாள். அவர் நம்பவில்லை. உதடு மறுபடி இறுகியது.

பாதியை யாராவது எடுத்துக் கொடுத்தால் மீதி தானாக வரும் என்றாள் கத்தரீன்.

திலகம் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் சொல்ல மாட்டேன். இருவது வருசம் பெரட்டுல நின்னு அத வாங்குனவ நானு."

அம்மாவையுமா? வசுமதி ஒருநாளும் கேட்டதில்லை. சந்தையில் தன் மானம் போனது ஒன்றுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

கதவு திறந்து கிடந்தது. வெளியே பெஞ்சில் கோலா தெர்லாவிலிருந்து வந்த ஒரு குடும்பமும், லயனில் அடுத்த வீட்டு வேலாயியும் உட்கார்ந்திருந்தார்கள். வசுமதி அப்பாவின் முன்னால் முட்டி போட்டு, அந்த வார்த்தையின் பாதியைச் சொன்னாள். அவள் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை, பெரட்டுக் களத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

வெளியே வேலாயி திரும்பிப் பார்த்தாள்.

நாகப்பன் மீதியைச் சொன்னார். மெதுவாக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிட்டுத் திட்டு விழுமோ என்று அவள் முகத்தையே பார்த்தார்.

கத்தரீன் பேனாவை எடுத்தாள். "நிறுத்த வேணாம். ஆனா நாலு மாசம் ஏன் ஒண்ணும் வரலன்னு காரணம் எழுதிக் குடுக்கணும். என்ன எழுத?"

"பொண்ணுக்கு வெக்கமா இருந்துச்சுன்னு எழுதுங்க," என்றாள் வசுமதி.